சின்னம் சூட்டினோம், பொறுப்பைக் கொடுத்தோமா?

கொஞ்சம் நீளமான பதிவு. ஊரில் பொறுப்பில் இருக்கிற பெரியவர்களும், பொறுப்பே வேண்டாம் என்று ஒதுங்கி நிற்கிற தம்பி தங்கைகளும் ஆறுதலாக இருந்து வாசித்தால் சந்தோஷம்.

போன தவணை எங்கள் பாடசாலையில் மாணவத் தலைவர்களுக்குச் சின்னம் சூட்டினோம். மேடை, பாண்ட் வாத்தியம், பொன்னாடை எல்லாம் குறைவில்லாமல் நடந்தது. பிரதம அதிதி பிந்தி வந்ததால் பிள்ளைகள் வெயிலில் ஒன்றரை மணித்தியாலம் நின்றார்கள். அவர் வந்த பிறகு தலைமைத்துவத்தைப் பற்றி ஆறு பேர் பேசினோம். ஆறு பேரும் "நாளைய தலைவர்கள்" என்ற சொல்லைத் தவறாமல் சொன்னோம். பெற்றோர் படம் எடுத்தார்கள், அன்றிரவே முகநூல் நிறைந்தது. அதில் பிழை இல்லை. பிள்ளையின் நெஞ்சில் ஒரு சின்னத்தைக் காண்பது எந்த உம்மாவுக்கும் சந்தோஷம்தான்.

அடுத்த கிழமை இடைவேளையில் அந்தப் பிள்ளைகளில் ஒருவன் சிற்றுண்டிச்சாலை வாசலில் ஒரு சின்னக் கொப்பியோடு நின்றான்.

"இது என்ன மகன்?"

"சத்தம் போடுறவங்கட பேரு சேர்."

"எழுதி என்ன செய்யப் போறீங்க?"

"ஒழுக்காற்று சேர்க்கிட்டக் குடுக்கிற."

"அதுக்குப் பிறகு?"

"அதுக்குப் பிறகு என்ன நடக்குதெண்டு தெரியா சேர்."

அந்தப் பதில் எங்களைப் பல நாட்கள் விடவில்லை. பிள்ளையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவனுக்கு நாங்கள் கொடுத்த வேலையே அவ்வளவுதான். பெயர் எழுது, மேலே கொடு, பிறகு என்ன நடந்தது என்று கேட்காதே. வருடம் முழுக்க அவன் ஒரு முடிவுகூட எடுக்கப் போவதில்லை. முடிவு எடுக்காதவனுக்கு அது பிழைத்தால் என்ன ஆகும் என்றும் தெரியப் போவதில்லை. விடுகைப் பத்திரத்தில் மட்டும் "சிறந்த தலைமைத்துவப் பண்பு உடையவர்" என்று எழுதிக் கொடுப்போம்.

தலைமை என்றால் பேச்சு என்று நினைக்கிற பழக்கம் எங்களிடம் ஊறிப் போயிருக்கிறது. தமிழ் மொழித் தினப் போட்டிக்கு ஒரு பிள்ளையைத் தெரிவு செய்கிறோம். பேச்சை நாங்கள் எழுதுகிறோம். எங்கே கையை உயர்த்துவது, எங்கே குரலைத் தாழ்த்துவது என்பதையும் நாங்களே சொல்லிக் கொடுக்கிறோம். தலைமைத்துவம் பற்றிய பேச்சையே அடுத்தவர் எழுதிக் கொடுக்க, பிள்ளை மனப்பாடம் செய்து முதலாம் இடம் எடுத்த நாட்களும் உண்டு. அந்த வெற்றிக் கிண்ணம் இன்றும் எங்கள் அலுமாரியில் இருக்கிறது. ஒலிவாங்கியைக் கண்டால் பயப்படாதவர் எல்லாம் தலைவர் என்ற எண்ணம் ஊரிலும் பரவியதற்கு நாங்கள் ஆசிரியர்களும் காரணம்தான்.

இன்னொரு பக்கம், தலைமை என்றால் வரிசையில் நிற்பது என்ற எண்ணமும் இந்த நாட்டில் உண்டு. 2011இல் பல்கலைக்கழகம் புகவிருந்த மாணவர்களை மூன்று வாரத் தலைமைத்துவப் பயிற்சி என்று இராணுவ முகாம்களுக்கு அனுப்பினார்கள். அப்போது போன பிள்ளைகள் இன்று முப்பதுகளில், உத்தியோகம் பார்த்துக்கொண்டு ஊரிலேயே இருக்கிறார்கள். அதிகாலையில் எழும்பியதைக் கதை கதையாகச் சொல்வார்கள். ஆனால் ஒரு பொதுக்கூட்டத்தை நடத்திக் காட்டும்படி கேட்டால் எங்களைப் போலவே தடுமாறுகிறார்கள்.

பிள்ளை எப்போதுதான் கற்கிறது? நாங்கள் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்கிறோம். அதை நாங்கள் திட்டமிட்டுச் செய்தோம் என்று பெருமை பேச முடியாது. தற்செயலாக நடந்தது.

சில வருடங்களுக்கு முன் இல்ல விளையாட்டுப் போட்டி நெருங்கிய நேரம், ஓர் இல்லத்துக்குப் பொறுப்பான ஆசிரியருக்கு டெங்கு பிடித்துவிட்டது. வழமையாகக் காசு சேர்ப்பது, சாமான் வாங்குவது, கிடுகு கட்ட ஆள் பிடிப்பது எல்லாம் ஆசிரியர்தான். இல்லத் தலைவன் கொடி பிடிப்பான், சத்தியம் செய்வான், படம் எடுப்பான். அந்த முறை வேறு வழியில்லாமல் ஆறு பிள்ளைகள் கையில் எல்லாவற்றையும் கொடுத்தோம். சேர்ந்த பணம் 23,400 ரூபா. தரம் 11இல் படித்த ஒரு மகள் பொருளாளர். ஒரு சி.ஆர். கொப்பி வாங்கிக் கோடு போட்டு வரவு செலவு எழுதினாள்.

இல்லம் மூன்றாம் இடம் வந்தது. அது பெரிய விசயமில்லை. போட்டி முடிந்து மூன்றாம் நாள் கணக்கு வாசிக்கக் கூடினார்கள். கொப்பியின்படி மிச்சம் 3,150 ரூபா இருக்க வேண்டும். கையில் இருந்தது 1,800. குறைவது 1,350 ரூபா. இல்லப் பிள்ளைகள் நூறு பேருக்கு மேல் முன்னால் இருக்கிறார்கள். பொருளாளர் மகளின் குரல் அடைத்துவிட்டது. தலைவன் நிலத்தைப் பார்க்கிறான். எங்களுக்குப் பாவமாக இருந்தது. எங்களில் ஒருவரின் கை சட்டைப்பைக்குள் போய்விட்டது. பக்கத்தில் நின்ற மூத்த டீச்சர் மெல்லச் சொன்னார், "பொறுங்க சேர், அவங்க பார்க்கட்டும்."

அந்த ஒரு சொல்தான் அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்த பயிற்சி.

தலைவன் எழும்பி, "1,350க்கு எங்களிட்டக் கணக்கில்ல. யாருக்காவது ஞாபகம் இருந்தா சொல்லுங்க" என்றான். கொஞ்ச நேரம் அமைதி. தரம் 7 பிள்ளை ஒன்று கையை உயர்த்தி, ஐஸ் வாங்க இரண்டு தரம் ஓடியது தான்தான் என்றது. 450 ரூபா. இன்னொருவன், கிடுகு ஏற்றிய ஓட்டோவுக்குக் கூலி 600 கொடுத்ததைச் சொன்னான். இரண்டுக்கும் பற்றுச்சீட்டு இல்லை, ஆனால் கண்டவர்கள் இருந்தார்கள். மிச்சம் 300 ரூபாவைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. ஆறு பேரும் ஆளுக்கு 50 ரூபா போடுவதாக அங்கேயே முடிவெடுத்து அறிவித்தார்கள். பிள்ளைகள் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல் மூன்றாம் இடத்துக்குக் கிடைத்ததைவிடப் பெரிது.

அந்த அரை மணித்தியாலத்தில் பிள்ளைகள் செய்தவற்றை யோசித்துப் பாருங்கள். குறையை மறைக்காமல் சொன்னார்கள். பழி போட ஆள் தேடவில்லை. தங்களைவிடச் சின்னப் பிள்ளை பேசியபோது கேட்டார்கள். தெரியாததைத் தெரியாது என்று விட்டு, அதற்கான செலவையும் ஏற்றார்கள். இவ்வளவையும் எந்தப் பயிற்சி முகாமில் பலூன் ஊதி விளையாடிக் கற்பிப்பது? அடுத்த வருடம் அதே இல்லத்தின் புதிய பொருளாளர் எவரும் சொல்லாமலே ஐஸ் கடையிலும் பற்றுச்சீட்டு கேட்டு நின்றது தனிக் கதை.

இனி ஊருக்கு வருவோம். இந்தத் திறமையோடு பாடசாலையை விட்டு வெளியேறுகிற பிள்ளைக்கு ஊரில் என்ன இடம் வைத்திருக்கிறோம்?

நம் பொதுக்கூட்டங்கள் எல்லோருக்கும் தெரியும். ஜும்ஆ முடிந்து "கொஞ்சம் இருந்திட்டுப் போங்க" என்று அறிவிப்பு வரும். நாற்பது பேர் இருப்பார்கள். சென்ற கூட்டறிக்கை வாசிக்கப்படாது, அல்லது காணாமல் போயிருக்கும். கணக்கு "பிறகு ஒட்டப்படும்". ஒருவர் எழும்பி, போன நிர்வாகமே தொடரட்டும் என்று பிரேரிப்பார். ஏற்கெனவே சொல்லி வைத்த இன்னொருவர் ஆமோதிப்பார். ஸலவாத்து, தேநீர், வீட்டுக்குப் போகலாம். இளைஞர்களுக்கு வேலை இல்லாமல் இல்லை. கதிரை அடுக்கலாம், கந்தூரிச் சோறு பரிமாறலாம், ஒலிபெருக்கி கட்டலாம். முப்பத்தைந்து வயதில் இரண்டு பிள்ளைகளின் வாப்பாவாக இருப்பவரும் நமக்கு இன்னும் "சின்னப் பொடியன்"தான்.

இதில் யாருக்கு நட்டம் என்பதற்கு ஒரு சம்பவம். ஊர் பெயரோ ஆள் பெயரோ வேண்டாம். ஆதரவற்ற 28 குடும்பங்களுக்கு மாதாமாதம் உதவி கொடுக்கும் சிறிய நிதியம் ஒன்று. பொருளாளர் ஒரு ஹாஜியார். பத்தொன்பது வருடம் ஒரு சதம் பிசகாமல் நடத்தினார். அவரைப் போல அமானிதம் பேணியவர் குறைவு. ஒருநாள் சுபஹுத் தொழுதுவிட்டு வந்து இருந்தவர் மௌத்தாகிவிட்டார். அல்லாஹ் அவருக்கு உயர்ந்த சுவனத்தைக் கொடுப்பானாக.

ஜனாஸா அடக்கி மூன்றாம் நாள்தான் விசயம் விளங்கியது. வங்கிக் கணக்குக்கு இரண்டு கையொப்பம் வேண்டும். மற்றக் கையொப்பக்காரர் கத்தார் போய் ஐந்து வருடம். போகும்போது ஒப்பமிட்ட வெற்றுக் காசோலைகளைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார், அதை வைத்தே காரியம் நடந்திருக்கிறது. பணம் தருகிறவர்கள் யார் யார், எந்த வீட்டுக்கு எவ்வளவு என்பதெல்லாம் ஹாஜியாரின் சட்டைப்பைக் கொப்பியில், அவருக்கு மட்டும் விளங்கும் எழுத்துகளில். எடுத்து நடத்த ஆள் இல்லை. ஆள் இருந்தாலும் என்ன செய்வது என்று தெரியாது. ஐந்து மாதம் ஒரு வீட்டுக்கும் உதவி போகவில்லை.

அந்த 28 வீட்டில் ஒரு வீட்டு மகன் எங்களிடம் படித்தான். சாதாரண தரப் பரீட்சைக்கு நாலு மாதம் இருந்தது. அவனுடைய உம்மா வந்து, "இவன கடைக்கு விடப் போறன் சேர், வேற வழியில்ல" என்றார். நாங்கள் அங்குமிங்கும் பேசி ஒரு தொகை சேர்த்துக்கொண்டு போவதற்கிடையில் பையன் கொழும்புக்கு பஸ் ஏறிவிட்டான். பரீட்சை அனுமதி அட்டை இன்னும் எங்கள் மேசை லாச்சியில் கிடக்கிறது.

இதை ஹாஜியாரின் குறையாக யாரும் எடுக்க வேண்டாம். எல்லாவற்றையும் அவர் தலையில் போட்டுவிட்டு "அவர் பார்த்துக்குவார்" என்று நிம்மதியாக இருந்தது நாம்தான். அவரோடு ஒரு இருபது வயதுப் பிள்ளையை உட்கார வைத்து, "இந்தக் கணக்கை இந்தப் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுங்க ஹாஜி" என்று ஒருவராவது கேட்டிருந்தால், அந்தப் பையன் பரீட்சை எழுதியிருப்பான்.

நம் கல்முனைப் பக்கத்துக்கு ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்களைத் தெரியும், பெயரளவிலாவது. இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம். 1942இல், யுத்தகால உணவுத் தட்டுப்பாட்டின் மத்தியில், முப்பது வயதளவில் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்தார். நெல் விளைச்சலைப் பெருக்குவதுதான் அனுப்பியவர்கள் கொடுத்த வேலை. அதைச் செய்ததோடு, இந்தப் பகுதிப் பிள்ளைகள் கல்வியில் இருந்த நிலையைக் கண்டு அதே வருடம் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தை ஆரம்பித்தார். அவர் வெறும் நல்ல மனிதராக மட்டும் இருந்திருந்தால், தன் சம்பளத்தில் நாலு பிள்ளைகளைப் படிப்பித்துவிட்டு இடமாற்றம் கிடைத்ததும் போயிருப்பார். அவர் சங்கம் அமைத்தார். அந்த யோசனை 1945இல் நாடு தழுவிய முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியமாக வளர்ந்தது. 1948இல் சிவில் சேவையையே விட்டுவிட்டு, ரீ.பி. ஜாயா 1921 முதல் கட்டியெழுப்பிய கொழும்பு ஸாஹிராவின் அதிபராகப் போனார். 1950இல் அகில இலங்கை வை.எம்.எம்.ஏ. பேரவையை உருவாக்கினார். போகிற இடமெல்லாம், தான் இல்லாவிட்டாலும் நடக்கக்கூடிய ஒன்றை விட்டுச் செல்வது அவர் வழக்கம். அவருடைய ஆற்றல் எல்லோருக்கும் வராது. ஆனால் யாப்பு எழுதுவது, இரண்டாம் ஆளைப் பழக்குவது, கொப்பியை ஒப்படைப்பது ஆகியவை யாருக்கும் வரும்.

வயதைப் பற்றி ஒரு சொல். உஸாமா பின் ஸைத் (ரழி) அவர்களைப் படைத் தளபதியாக நபி (ஸல்) அவர்கள் நியமித்தபோது அவருக்கு இருபது வயதளவுதான். மூத்தவர்கள் பலர் அந்தப் படையில் இருந்தார்கள். முணுமுணுப்பும் எழுந்தது, நபியவர்கள் அதை ஏற்கவில்லை. பின்னர் அபூபக்கர் (ரழி) அவர்கள் கலீபாவாகி அந்தப் படையை வழியனுப்பினார்கள். உஸாமா வாகனத்தில் இருக்க, கலீபா பக்கத்தில் நடந்து வந்தார்கள். உமர் (ரழி) அவர்களை மதீனாவில் தன்னோடு நிறுத்திக்கொள்ளத் தளபதியிடம் அனுமதியும் கேட்டார்கள். நாட்டின் தலைவர் ஓர் இளைஞரிடம் அனுமதி கேட்கிறார். இந்தச் சம்பவத்தை மிம்பரில் எத்தனை தரம் கேட்டிருப்போம். நம் நிர்வாகத் தலைவர், விளையாட்டுக் கழகச் செயலாளர் பிள்ளையிடம் "தம்பி, இதுக்கு நீங்க சம்மதமா?" என்று கேட்ட நாள் ஒன்று உண்டா?

பெண் பிள்ளைகளின் விசயத்தில் நிலைமை இன்னும் மோசம். அந்த சி.ஆர். கொப்பி மகள் இன்று கணக்கியலில் உயர்தரம் முடித்து வீட்டில் இருக்கிறாள். ஊரில் எட்டுப் பத்துச் சங்கம் இருக்கிறது, ஒன்றிலும் அவளைக் கேட்கவில்லை. உள்ளூராட்சி சபைகளில் 25 வீதம் பெண்கள் என்ற சட்டம் 2018 பெப்ரவரித் தேர்தலில் முதல் தடவையாக நடைமுறைக்கு வந்தபோது, பட்டியலை நிரப்பப் பெயர் தேடி வீடு வீடாக அலைந்ததை மறந்துவிட வேண்டாம். "சும்மா ஒரு பேருக்குத்தான் தங்கச்சி, ஒண்டும் செய்யத் தேவல்ல" என்று சொல்லித்தான் கையொப்பம் வாங்கினார்கள். பிறகு "பெண்களை அனுப்பி என்ன பிரயோசனம், சபையில பேச மாட்டாங்களே" என்று நாமே கதைத்தோம். அதற்கு முந்திய இருபது வருடத்தில் ஒரு கூட்டத்திலாவது பேச இடம் கொடுத்தோமா? பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் உம்மாமார். நிர்வாகத்தில் யார் இருக்கிறார்கள் என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை.

தம்பிமாரே, உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். முழுப் பழியையும் பெரியவர்களில் போட்டுவிட்டு நீங்கள் தப்ப முடியாது. நிர்வாகத்தை விமர்சித்து இரவு இரண்டு மணிக்கு நீங்கள் எழுதும் பதிவுகளை நாங்கள் வாசிக்கிறோம். பாதி உண்மை. ஆனால் பொதுக்கூட்டத்துக்கு வந்தவர்கள் நாற்பது பேர், அதில் முப்பது வயதுக்குக் குறைந்தவர்கள் நாலு பேர். ஒரு சங்கத்துக்குச் செயலாளராக வரச் சொன்னால் "நேரமில்ல சேர்" என்கிறீர்கள். பிரதேச செயலகத்துக்கு ஒரு கடிதம் சிங்களத்தில் எழுதவோ, அங்குள்ள உத்தியோகத்தரோடு சிங்களத்தில் பத்து நிமிடம் பேசவோ உங்களில் எத்தனை பேருக்கு முடியும்? வெள்ளம் வந்தால், காணிப் பிரச்சினை வந்தால், ஊருக்குத் தேவைப்படுவது அதுதான். அதுவும் ஒரு தலைமைத்துவத் திறன்தான், ஆனால் அதற்கு யாரும் மாலை போடுவதில்லை என்பதால் யாரும் படிப்பதுமில்லை. எங்கள் தலைமுறையும் படிக்கவில்லை. அந்த வெட்கத்தோடுதான் எழுதுகிறோம்.

சரி, என்ன செய்யப் போகிறோம்? பாடசாலையில் ஆரம்பித்துவிட்டோம். பெயர் எழுதும் கொப்பிகளை வாங்கி வைத்துவிட்டோம். மாணவத் தலைவர்கள் இருவர் இருவராகச் சேர்ந்து ஆளுக்கொரு உண்மையான வேலையை எடுத்திருக்கிறார்கள். குடிதண்ணீர்க் குழாய்கள், வாசிகசாலையின் மாலை நேரம், தரம் 6 பிள்ளைகளின் பஸ் வரிசை என்று. சிறு செலவுக்கு 3,000 ரூபா. தவணை முடிவில் காலைக் கூட்டத்தில் எழும்பி, என்ன செய்தோம், எது சரிவரவில்லை, காசு எங்கே போனது என்று சொல்ல வேண்டும். போன கிழமை தண்ணீர்க் குழாய்க்காரர்கள் தவறான அளவில் குழாய்முகம் வாங்கி வந்து 850 ரூபாவை வீணாக்கிவிட்டார்கள். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது லேசில்லை என்பதை ஆசிரியராக இருப்பவர்கள் அறிவார்கள்.

ஊரில் எங்களுக்கு அதிகாரம் இல்லை, வேண்டுகோள்தான். எந்தச் சங்கமாக இருந்தாலும் ஒவ்வொரு பொறுப்புக்கும் பக்கத்தில் இருபத்தைந்து வயதுக்குக் குறைந்த ஒருவரைப் பெயர் குறித்து வையுங்கள். கதிரை அடுக்க அல்ல, கொப்பியைப் பார்க்க. பொருளாளரின் கணக்கு இன்னும் இருவருக்காவது விளங்கட்டும். கூட்டறிக்கையை அந்தப் பிள்ளை எழுதட்டும், எழுத்துப்பிழை இருந்தால் நாங்கள் திருத்தித் தருகிறோம். மூன்று வருடத்தில் பெரியவர் ஆலோசகராக ஒதுங்க, பிள்ளை முன்னால் வரட்டும். பிழை விடுவார்கள், கட்டாயம் விடுவார்கள். நாம் விட்ட பிழைகளை ஊர் பொறுத்துத்தானே நம்மைப் பெரியவர் ஆக்கியது?

வருகிற நோன்புக்குக் கஞ்சி விநியோகத்தை முழுமையாக இளைஞர்களிடம் கொடுத்துப் பார்ப்போம் என்று எங்கள் மஹல்லாவில் பேசியிருக்கிறோம். அரிசி வாங்குவது, ஆள் பிடிப்பது, முப்பது நாள் கணக்கு, எல்லாம் அவர்களே. நிர்வாகத்தில் இருவர் சம்மதம், ஒருவர் "பார்ப்போம்" என்றார், ஒருவர் இன்னும் எங்களோடு கோபம். கணக்குக்கு அந்த சி.ஆர். கொப்பி மகளைக் கேட்டோம். வாப்பாவிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள். வாப்பாவைத் தெரிந்தவர்கள் யாராவது இந்தப் பதிவை வாசித்தால், எங்களுக்காக ஒரு வார்த்தை பேசுங்கள். கொப்பி வாங்கிவிட்டோம்.